மூடலியல்: ஆட்டோகேட் உருக்களும் கோப்புகளும் அடைபடும் முறை பற்றிய ஆய்வுச் சுருக்கம்

ஆட்டோகேட் என்னும் வரைபட மென்பொருள் 1982 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. அன்றுதொட்டு அதில் எதை எப்படி வரைவது என்றே எல்லோரும் சொல்லி வந்திருக்கிறார்கள். வரைந்ததை மூடுவது பற்றி முறையான ஆய்வு இல்லை என்று, தேடிப் பார்க்காமலேயே, இக்கட்டுரை துணிகிறது. இத்துறையில் இதுவே முதல் முயற்சி என்று எழுத அதைவிட வசதியான வழி இல்லை.

மூடல் ஐவகைப்படும்.

1. கோடு மூடல்

லைன் கட்டளையில் இரண்டு கோடு இழுத்துவிட்டு 'சி' (க்ளோஸ்) தட்டினால் முக்கோணம் அமையும். சொடுக்கிப் பார்த்தால் அவை மூன்று தனிக் கோடுகள். வெளிப்பார்வைக்குக் கூட்டுக் குடும்பம், உள்ளே மூன்று அடுப்பு.

2. உரு மூடல்

பாலிலைன் போடும்போது கடைசி மூலைக்கு வந்ததும் 'சி' தட்ட வேண்டும் என்பது விதி (மூத்த டிராப்ட்ஸ்மேன் ஒருவர் மானிட்டர் ஓரத்தில் ஒட்டிய மஞ்சள் சீட்டு, வரி 1). உலக வழக்கு வேறு. எண்ட்பாயிண்ட் ஸ்னாப்பைப் பிடித்து, தொடங்கிய புள்ளியிலேயே கிளிக் செய்து, என்டரைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். பார்த்தால் மூடியது போலவே இருக்கும். ப்ராப்பர்ட்டீஸைத் திறந்தால் 'க்ளோஸ்டு' என்பதற்கு எதிரே 'நோ' என்றிருக்கும். இதைப் பொய்மூடல் என்க. கோட்டுக்குக் கொஞ்சம் அகலம் கொடுத்தால் குட்டு உடைந்துவிடும்: மற்ற மூலைகள் எல்லாம் கூராகச் சேர்ந்திருக்க, அந்த ஒரு மூலை மட்டும் எலி கடித்தாற்போல் சதுரமாகக் குறைந்து நிற்கும்.

இவ்விதி மீறப்படுவதற்குப் பாடபேதமே காரணம் என்பர் ஒரு சாரார். மூலச் சீட்டில் உள்ளது 'சி போடு'. ஜெராக்ஸ் படியிலோ 'சீ, போடா' என்றே காண்கிறது (மேற்படி சீட்டு, ஜெராக்ஸ், டீக்கறைக்குத் தென்கிழக்கே). பிந்தியதே மூலபாடம் எனக் கொள்வாரும் உளர், அவர்கள் சைட் இன்ஜினியர்கள் (மேற்படி ஜெராக்ஸ், பிளாட்டரில் சிக்கிக் கிழிந்த மேல்ஓரம், கிழிந்ததை ஊகித்து எழுதப்பட்ட உரை, அவ்வுரைக்கு ஏசி மெக்கானிக் தம் பில்லின் பின்பக்கம் எழுதிய மறுப்பு, பில் பாஸ் ஆகிவிட்டதால் மறுப்பு கிடைக்கவில்லை).

பொய்மூடலில் நுனிகளாவது தொட்டுக்கொள்கின்றன. தொடாமலே தொட்டதாக நடிப்பது மயிரிழை மூடல். ஹேட்ச் போடப் போகும்போதுதான், மூடிய எல்லை கிடைக்கவில்லை என்று மென்பொருள் கையை விரிக்கும். புதிய பதிப்புகள் பிளந்த இடத்தில் சிவப்பு வட்டமும் போட்டுக் காட்டும். பரிகாரம், ஹெச்பிகேப்டால் என்னும் மாறி. இயல்பாக அதன் மதிப்பு 0. அதைக் கூட்டினால், அந்த அளவு வரையுள்ள இடைவெளியைக் கண்டும் காணாததுபோல் ஹேட்ச் விழும். உச்சவரம்பு 5000. முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வில் இதற்கு உச்சவரம்பு கிடையாது.

ஏரியா கட்டளை இன்னும் தாராளம். திறந்த பாலிலைனைக் காட்டினாலும், இரு நுனிகளுக்கும் நடுவே இல்லாத ஒரு நேர்கோட்டை இருப்பதாகப் பாவித்துப் பரப்பைச் சொல்லிவிடும். நீளத்தைச் சொல்லும்போது மட்டும் அந்தக் கோடு கணக்கில் வராது. நடக்காத தூரத்தைக் காட்டாமல், வளைத்த நிலத்துக்கு மட்டும் பட்டா கேட்கும் இந்நெறி நம் ஆய்வேடுகளின் முடிவுரைகளில் செழித்து வளர்ந்துள்ளது.

3. கோப்பு மூடல்

1999இல் ஆட்டோகேட் 2000 வரும்வரை ஒரு சன்னலில் ஒரு வரைபடம்தான். பிறகு பல வரைபடங்கள் ஒரே சன்னலில் குடியேறின; எல்லோரையும் சேர்த்து வெளியேற்ற க்ளோஸ்ஆல் தேவைப்பட்டது. ஒரு கோட்டையும் தொடாமல், ஜூம் மட்டும் செய்து பார்த்துவிட்டு மூடினாலும், 'மாற்றங்களைச் சேமிக்கவா?' என்று கேட்கும். காட்சி மாறியதையும் ஒரு மாற்றமாக டிபிமாட் என்னும் மாறி குறித்துவைத்துக்கொள்வதே காரணம். 'எஸ்' தட்டுவோர் அஞ்சியவர். 'நோ' தட்டுவோர் துணிந்தவர். 'கேன்சல்' தட்டுவோர் இன்று வீட்டுக்குப் போகாதவர்.

4. மென்பொருள் மூடல்

பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். சேமிக்காத நாளில் தவறாது.

5. மடிக்கணினி மூடி மூடல்

இது பிற துறையினர் ஆராய வேண்டியது.

முடிவுரை

ஆகவே மூடல் என்பது மூடுவோர், மூடப்படுவது, மூடியதாக நம்புவோர் என்னும் மூன்றன் கூட்டு என்று நிறுவப்பட்டது. இடையில் எங்கே நிறுவப்பட்டது என்று கேட்கும் வாசகர்கள் ஹெச்பிகேப்டாலைத் தேவைக்கேற்பக் கூட்டி வைத்துக்கொண்டு மீண்டும் ஒருமுறை படிக்கவும்.