தாராசிங் எத்தனை அடி?

கேள்வி: ஐயா, எங்க தாத்தா மல்யுத்தப் பைத்தியம். கிங்காங் எட்டடி, தாராசிங் ஏழடி என்று அடித்துச் சொல்கிறார். லயத்தில் பாதிப் பேர் அவர் கட்சி. நீங்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.
– வாசகர், டிக்கோயா

பதில்: தீர்ப்பு உங்கள் பக்கம்தான் தம்பி. ஆனால் தாத்தாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். தாராசிங் 6 அடி 2 அங்குலம், எடை 130 கிலோவுக்குக் கிட்ட. பஞ்சாபில் 1928இல் பிறந்தவர். அந்தக் காலத்து இந்தியாவில் அந்த உயரமே கூட்டத்தில் தனியாகத் தெரியும்.

கிங்காங்கின் சொந்தப் பெயர் எமில் சாயா, ஹங்கேரிக்காரர். அவருடைய பிரமாண்டம் அகலத்தில் இருந்தது. 200 கிலோ என்று விளம்பரம் செய்வார்கள். அவ்வளவு பெரிய உடம்பைத் தாராசிங் தலைக்கு மேலே தூக்கிய காட்சியைப் பற்றித்தான் இன்றைக்கும் பேச்சு. தூக்கியவரும் தூக்கப்பட்டவரும் உயரமாக வளர்ந்தது அந்தப் பேச்சில்தான்.

தாத்தா பொய் சொல்லவில்லை. மல்யுத்த மேடையே தரையிலிருந்து மூன்று நான்கடி உயரம். கீழே உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கிறவர் கண்ணுக்கு மேடையும் ஆளும் சேர்ந்து பத்தடி! அதில் தாத்தா எட்டடிதான் சொல்கிறார் என்றால் அவர் நிதானமான மனிதர்.

கேள்வி: அப்படியானால் பழைய பயில்வான்களின் உண்மையான உயரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகி, கொட்டகலை

பதில்: முதலில் அளந்தவர் யார் என்று பாருங்கள். நம் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கு, தண்ணிக்கு என்று கிலோ கழிப்பார்கள். மல்யுத்தச் சுவரொட்டியில் சப்பாத்துக்கு, தலைமுடிக்கு என்று அங்குலம் கூட்டுவார்கள். இரண்டிலும் தராசும் நாடாவும் யார் கையிலோ, இலாபம் அவருக்கே. நாள் முழுக்க மலையேறிக் கொழுந்து பறித்தவளின் கிலோவைக் கழிப்பது அநியாயம். அதை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதுவேன். பயில்வானுக்கு அங்குலம் கூட்டியதால் யார் வீட்டு அடுப்பும் அணையவில்லை.

அடுத்து, உயரம் நிச்சயமாகத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நிற்கும் படத்தைத் தேடுங்கள். பிரான்ஸ் நாட்டு ராட்சதர் ஆந்த்ரேயை 7 அடி 4 அங்குலம் என்றே உலகம் முழுக்க விளம்பரம் செய்தார்கள். 1984இல் வந்த ஒரு ஆங்கிலப் படத்தின் படப்பிடிப்பில் கூடைப்பந்து வீரர் வில்ட் சேம்பர்லினோடு அவர் நிற்கும் படம் இருக்கிறது. சேம்பர்லின் 7 அடி 1 அங்குலம். படத்தில் ஆந்த்ரே அவரைத் தாண்டவில்லை. மூன்று அங்குலம் எங்கே போயிற்று? சுவரொட்டியை விட்டு அது வரவே இல்லை.

ஆனால் ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். முதுகெலும்புச் சில்லுகள் அமுங்குவதால், காலையில் எழுந்தபோது இருந்த உயரத்தில் ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் மாலைக்குள் எல்லோருக்கும் குறையும். வயது போனால் இன்னும் குறையும். ஆந்த்ரேக்கு வளர்ச்சிச் சுரப்பு அளவுமீறும் நோய். முதுகில் சத்திரசிகிச்சையும் செய்துகொண்டார். எந்த வயதில், எந்த நேரத்தில் அளந்தது என்று தெரியாத உயரத்தை வைத்துப் பந்தயம் கட்டாதீர்கள்.

கேள்வி: தொலைக்காட்சி இராமாயணத்தில் அனுமனாக வந்தவர் இதே தாராசிங்தானா?
– வாசகர், நுவரெலியா

பதில்: அவரேதான். 1987இல் அந்தத் தொடர் தொடங்கியபோது அவருக்கு வயது 58. நம்மூர் சீதா எலிய ஆற்றுப் பாறையில் அனுமன் பாதம் என்று காட்டுகிற குழிகள் ஒன்று சிறிது, ஒன்று பெரிது. நினைத்தபடி வளரவும் சுருங்கவும் தெரிந்தவர் அனுமன். பயில்வான்களில் அந்த வரம் பெற்றவர் எவருமில்லை.

கேள்வி: என் மகனுக்கு மல்யுத்த ஆசை. ஆள் குட்டை. பெரிய தாராசிங் என்று நினைப்பா என்று பாடசாலையில் கேலி பண்ணுகிறார்களாம். ஆசையை விடச் சொல்லவா?
– ஒரு தாய், பொகவந்தலாவை

பதில்: சொல்லாதீர்கள் அம்மா! காமா பயில்வான் 5 அடி 7 அங்குலத்துக்குச் சற்று முன்பின். 1910இல் லண்டனில் அவரோடு மோதிய போலந்துக்காரர் ஸ்பிஸ்கோ, இரண்டு மணி நேரத்துக்கு மேல் பெரும்பாலும் விரிப்பிலேயே படுத்துத் தப்பித்தார். அடுத்த வாரம் மறுபோட்டிக்கு ஆளே வரவில்லை. 1928இல் பட்டியாலாவில் மீண்டும் சந்தித்தபோது ஒரு நிமிடத்துக்குள் கதை முடிந்தது. காமாவுக்கு அப்போது ஐம்பதை நெருங்கும் வயது.

ஒலிம்பிக் மல்யுத்தத்தில் எடைக்குத்தான் பிரிவு, உயரத்துக்குப் பிரிவே கிடையாது. மகாராஷ்டிரத்துக் கஷாபா ஜாதவ் 1952இல் ஹெல்சிங்கியில் வெண்கலம் வாங்கியது 57 கிலோப் பிரிவில். அவருக்குச் செல்லப்பெயரே பாக்கெட் டைனமோ. கேலி பண்ணுகிற பிள்ளைகளுக்கு இந்தக் கதைகளை உங்கள் மகனே சொல்லட்டும்.

உங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைகளும் இருந்தால் இதையும் கேளுங்கள். 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் இலங்கை முழுவதற்கும் நூற்றுக்கு 17 பேர், தோட்டப்புறத்தில் 32 பேர். தாராசிங்கின் பத்து அங்குலத்துக்காக இரவெல்லாம் வாதாடுகிற நாம், இந்த உயரத்துக்காகவும் குரல் எழுப்ப வேண்டும். மாதாமாதம் கிளினிக்கைத் தவறவிடாதீர்கள். திரிபோஷா சத்துமா கிடைத்தால் அது அந்தப் பிள்ளைக்கே போகட்டும், பெரியவர்கள் பங்கு கேட்க வேண்டாம். மிட்வைஃப் அம்மா அளந்து கார்டில் குறிக்கும் கோடு மேலே ஏறாமல் படுத்திருந்தால், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விடாமல் அன்றைக்கே காரணம் கேளுங்கள்.