கேரவன் தாத்தா

நம் ஊரில் கேரவன் என்றால் கதாநாயகி ஓய்வெடுக்கும் வண்டி. உள்ளே ஏசி ஓடும்; வாசலில் உதவியாளர் குடையோடு நிற்பார்; தயாரிப்பாளர் சற்றுத் தள்ளி நின்று வாடகைக் கணக்குப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். அமெரிக்காவில் அதே வண்டிக்கு ஆர்.வி. என்று பெயர். உள்ளே இருப்பவர் எழுபதைத் தாண்டிய ரிட்டயர்ட் ஆசாமி. கதாநாயகி, நாற்பத்தைந்து வருஷமாக அவருக்கு வழி சொல்லிக்கொண்டிருக்கும் மனைவி.

இந்த இனத்தை நான் கூட்டமாகப் பார்த்தது நியூ மெக்சிகோ மாநிலத்து ஆல்புகெர்க்கியில். (கோவாவைப் பிடித்த அல்புகெர்க் வேறு. இது 1706இல் ஊர் பிறந்தபோது அங்கே வைஸ்ராயாக இருந்த ஒரு ஸ்பெயின் பிரபுவின் பெயர். அவர் பெயரில் இன்னொரு 'ர்' இருந்தது. ஊர் அதை வழியில் எங்கோ தொலைத்துவிட்டது.) ஒவ்வோர் அக்டோபரிலும் ஒன்பது நாள் பலூன் திருவிழா. 1972இல் ஒரு வானொலி நிலையத்தின் ஐம்பதாவது பிறந்தநாளுக்காக, கடைவளாகத்து வண்டி நிறுத்துமிடத்தில் 13 பலூன்களோடு ஆரம்பித்தார்கள். 2000இல் ஆயிரத்தைத் தாண்டிவிட்டதாம். இப்போது ஐந்நூறுக்குக் குறையாது. மகன் ஆசையாக ஆர்.வி. ஒன்றை வாடகைக்கு எடுத்து எங்களைக் கூட்டிப்போனான்.

வண்டியை நிறுத்தி இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது. பக்கத்து வண்டியிலிருந்து தாத்தா இறங்கி வந்தார். வணக்கம் கிணக்கம் எதுவும் இல்லை. எங்கள் சமையல் மேடைமேல் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். "இடது பின் சக்கரம் முக்கால் அங்குலம் இறக்கம்" என்றார், எக்ஸ்ரே பார்த்த டாக்டர் குரலில். சக்கரத்தின் கீழே கட்டைகளைச் செருகினார். பிறகுதான் என் பெயரைக் கேட்டார். சொன்னேன். இடது பின் சக்கரத்துக்காரர் என்று நினைவில் வைத்துக்கொண்டார் என்பது மறுநாள் தெரிந்தது.

ஒருவரைப் பற்றிச் சொல்வதாக நினைக்க வேண்டாம். அந்தப் பொட்டலில் திரும்பிய பக்கமெல்லாம் இவர்தான். மடக்கு நாற்காலியும் நாயும் மாறும், தாத்தா மாறமாட்டார். ஆயிரம் மைல், ஆயிரத்தைந்நூறு மைல் வீட்டையே ஓட்டிக்கொண்டு வந்திருப்பார். வந்த இடத்தில் குழாய் இணைப்பு இல்லாத வரிசையில்தான் நிற்பார். கேட்டால் அதுதான் நிஜமான முகாம் என்பார். வண்டிக்குள் மூன்று தொட்டி: நல்ல தண்ணீர், கழுவிய தண்ணீர், சொல்லக்கூடாத தண்ணீர். மூன்றின் மட்டமும் அவருக்குத் தன் ரத்த அழுத்தத்தைவிட நன்றாகத் தெரியும். ஒரு சொம்புத் தண்ணீரில் எப்படிக் குளிப்பது என்று எனக்கு விளக்க ஆரம்பித்தார். லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்ற மெட்ராஸ்காரனிடம்! அரைச் சொம்பில் முடிக்கும் முறையை நான் சொன்னதும் முதன்முறையாக என்னை மரியாதையோடு பார்த்தார்.

அந்த மூன்றாவது தொட்டியை உறிஞ்ச வரும் லாரிக்கு அவர்கள் வைத்திருக்கும் செல்லப்பெயர் 'ஹனி வேகன்', அதாவது தேன் வண்டி. மனைவியையும் ஹனி என்றுதான் கூப்பிடுவார். "ஹனி எங்கே?" என்று தாத்தா கவலையோடு எட்டிப் பார்க்கும்போது எதைத் தேடுகிறார் என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. பாட்டிக்கு உடனே தெரிந்துவிடும்.

தாத்தா வேடிக்கை பார்க்க வருபவர் இல்லை. அவர் 'க்ரூ'. பெயர் கொடுத்தால் யாராவது ஒரு பைலட்டோடு சேர்த்துவிடுவார்கள். சம்பளம் கிடையாது. வேலை அதிகாலை நாலு மணிக்கு. ஊர் ஐயாயிரம் அடி உயரத்தில் இருப்பதால் அந்நேரக் குளிர் எலும்பைத் தொட்டு விசாரிக்கும். இப்படி ஒரு வேலையை அவருடைய பழைய அலுவலகம் கொடுத்திருந்தால் யூனியனைக் கூட்டியிருப்பார். இங்கே அலாரத்துக்கு முன்னால் எழுந்து, தோல் கையுறை மாட்டி, தொப்பியை எடுத்து வைத்துக்கொள்கிறார். அந்தத் தொப்பி எடை ஒரு கிலோ இருக்கும். பைலட்டுகள் தங்கள் பலூன் படம் போட்ட பேட்ஜ் ஒன்று தருவார்கள், அதுதான் கூலி. தொப்பியில் இடம் தீர்ந்து கோட்டில் இறங்கி, இப்போது நாயின் கழுத்துப் பட்டைவரை வந்திருக்கிறது.

விடியுமுன் முதலில் காற்றைப் பற்றிய விவாதம். ஆல்புகெர்க்கியில் காலையில் கீழ்க்காற்று தெற்கே போகும், மேல்காற்று வடக்கே திரும்பும். குளிர்ந்த காற்று ரியோ கிராண்டே ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கி ஓடுவதால் இப்படி. தாழப் பறந்து தெற்கே போய், உயர ஏறி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடலாம். இதற்கு 'பெட்டி' என்று பெயர். பெட்டி இன்று சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்ன ஹீலியம் பலூனை விட்டு அண்ணாந்து நிற்பார்கள். தாத்தா அதைப் பார்ப்பதற்கு முன்பே விரலை எச்சில் தொட்டு உயர்த்தித் தீர்ப்புச் சொல்லிவிடுவார். மைதானத்துக் கோபுரத்தில் பறக்கலாம் என்று பச்சைக் கொடி ஏறினால் "நான் சொல்லலையா?" என்பார். சிவப்பு ஏறினாலும் அதேதான் சொல்வார்.

பச்சைக் கொடி ஏறியது. மைதானம் முழுக்க மின்விசிறிகள் அலற, துணி மூட்டைகள் படுத்தபடியே வயிறு உப்பின. தாத்தாவுக்கு ஒதுக்கியது உச்சிக்கயிறு. பலூனின் தலையில் கட்டிய நீளக் கயிற்றை எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடித்து, பலூன் பொசுக்கென்று எழாமலும் ஆடாமலும் பார்த்துக்கொண்டு, அது நிமிர நிமிர அடி அடியாக உள்ளே நடந்து வர வேண்டும். திருவாரூரில் வடம் பிடித்தவன் நான். பார்த்ததும் கை துறுதுறுத்தது. இரண்டாவது ஆளாக என்னைச் சேர்த்துக்கொண்டு பாடம் எடுத்தார். கயிற்றைக் கையில் சுற்றாதே. நைலான் சட்டை போடாதே. கால் தரையை விட்டால் கயிற்றை விட்டுவிடு. மூன்றாவதை மட்டும் மூன்று தடவை சொன்னார்.

பலூன் நிமிர்ந்ததும் பைலட் கத்தினார்: "எடை!" எங்கிருந்தோ பத்துத் தாத்தாக்கள் ஓடிவந்து கூடையின் விளிம்பில் சாய்ந்து தொந்தியை ஏற்றிவைத்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனை டாக்டர்கள் எத்தனை வருஷமாகக் குறை குறை என்று விரட்டிய எடை! அதை ஒருவர் பகிரங்கமாகக் கேட்டு வாங்கி நன்றியும் சொல்கிறார். வரிக்குதிரை மாதிரிக் கறுப்பு வெள்ளைப் பட்டை உடுத்திய ஓர் இளம்பெண் விசில் ஊதிக் கட்டைவிரலை உயர்த்தினாள். புறப்பாட்டு அதிகாரிகள் எல்லோருக்கும் அதுதான் உடை, 'ஸீப்ரா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். பாட்டி ஒரு விஷயத்தை ஏழு முறை சொன்னாலும் காதில் வாங்காதவர், பேத்தி வயதுப் பெண்ணின் ஒரு விசிலுக்குத் தொந்தியை எடுத்துக்கொண்டு நாலடி பின்வாங்கினார்.

அப்புறம் துரத்தல். பலூனைத் திருப்பும் சக்கரம் கிடையாது. அது இறங்குகிற இடத்துக்கு க்ரூ வண்டி போய்ச் சேர வேண்டும். பாட்டி ஓட்ட, தாத்தா ஜன்னலில் தலையை நீட்டி "வலது" என்பார். பாட்டி இடது திரும்புவாள். பலூன் அங்கேதான் இருக்கும். இறங்கியதும் துணியிலிருந்து காற்றைப் பிதுக்கி நூறு கிலோச் சொச்சத்தைப் பைக்குள் திணிக்க வேண்டும். திணிப்பதற்கு உத்தி, மேலே உட்காருவது. மறுபடியும் எடை. கடைசியில் ஷாம்பெயின். 1783இல் பிரான்ஸில் கோனெஸ் கிராமத்தில் ஆளில்லாத பலூன் ஒன்று விழுந்தபோது, பிசாசு என்று பயந்து விவசாயிகள் கவைக்கோலால் குத்திக் கிழித்தார்கள். அதற்கப்புறம் நிலத்துக்காரரைச் சமாதானப்படுத்தத்தான் பாட்டில் கொண்டுபோகும் வழக்கம் என்று தாத்தா சொன்னார். முதல் பாதி சரித்திரம். இரண்டாம் பாதிக்கு அவர் கையிலிருந்த இரண்டாவது கோப்பைதான் சாட்சி.

பொள்ளாச்சியிலும் பொங்கல் சமயத்தில் பலூன் திருவிழா உண்டு என்று பெருமையாகச் சொன்னேன். அங்கே மேல்காற்று எந்தப் பக்கம், ஆர்.வி. நிறுத்த இடம் உண்டா, தேன் வண்டி எத்தனை நாளைக்கு ஒருமுறை வரும் என்று மூன்று கேள்வி கேட்டார். கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்ல நான் இன்னும் தயாராகவில்லை.

"இத்தனை வருஷத்தில் எத்தனை தடவை பறந்திருப்பீர்கள்?" என்றேன்.

தாத்தா திடீரென்று நாயின் பட்டையைச் சரிசெய்ய ஆரம்பித்தார். பாட்டிதான் சொன்னாள்: "ஒரு தடவைகூட இல்லை. பைலட்டுகள் வருஷா வருஷம் கூப்பிடுகிறார்கள். கயிற்றை யார் பிடிப்பது என்பார்."

அன்று மாலை அவர் வண்டிக் கூரையில் சூரியத் தகட்டைத் தூசி மூடியிருந்தது. ஏணி பத்தடி இருக்கும். தாத்தா அதைச் சுவரில் சாய்த்தார், ரசமட்டம் வைத்துப் பார்த்தார், துடைக்கும் துணியை என் மகன் கையில் கொடுத்தார். அடிப்படியில் ஏறி நின்று, தொந்தியை ஏணியோடு சேர்த்து அழுத்திக்கொண்டார்.

"எடை நான் கொடுக்கிறேன், நீ ஏறு" என்றார்.