கன்வீனர்

இளம்பிள்ளையில் தறிச் சத்தத்துக்கு நடுவே படித்து, டாக்டர் பட்டம் வாங்கி, சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடையே ஏதோ ஒரு பொறியியல் கல்லூரியில் பேராசிரியரானவர் நம் கன்வீனர். பாடம் நடத்துவதைவிட மாநாடு நடத்துவதில் கைராசிக்காரர்.

அவர் முதலில் முடிவு செய்வது தீவை. அப்புறம் தேதி, செமஸ்டர் லீவும் அந்தமானில் மழை விட்ட மாதமும் ஒத்துவர வேண்டும். தலைப்பு கடைசியில்தான். அதுவும் பொறியியல், மேலாண்மை, மொழியியல் என எவர் வந்தாலும் இடம் இருக்கிற தலைப்பு. கட்டணம் கட்டிய யாரையும் அவர் திருப்பி அனுப்பியதில்லை.

யாராவது கேலி செய்தால் பெர்முடாவை இழுப்பார். 1996 பிப்ரவரியில் மனித மரபணுத் தொகுதியை ஆராய்ந்தவர்கள் அந்தத் தீவில்தான் கூடினார்கள். கண்டறியும் வரிசைகளை 24 மணி நேரத்துக்குள் உலகுக்கே திறந்துவிடுவது என்று ஒப்புக்கொண்டார்கள். உண்மைதான். கன்வீனரும் 24 மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் வெளியிடுவார், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில்.

அவருக்கு ஒரே ஒரு தீராத மனக்குறை. ஆசிரியர் பதவி உயர்வுக்கான யு.ஜி.சி.யின் 2018 விதிப்படி சர்வதேச மாநாட்டில் கட்டுரை வாசித்தால், வெளிநாடாக இருந்தால் 7 மதிப்பெண், உள்நாடாக இருந்தால் 5. சென்னையிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடல் தாண்டிப் போனாலும் அந்தமான் இந்தியாதானே! ராமேஸ்வரத்திலிருந்து எட்டிப் பார்க்கிற தூரத்தில் இருக்கும் இலங்கைக்கு 7. இந்த அநியாயத்தைப் பற்றிப் பேசினால் சாருக்குக் குரல் தழுதழுக்கும்.

கிளம்பும்போது அம்மா கேட்பார்: "அவ்ளோ தூரம் போய் என்ன கண்ணு பேசுவீங்க?"

"ஆராய்ச்சிம்மா."

"அதுக்கு எதுக்கு நீச்சல் டவுசரு?"

பெட்டியின் அடியில் இருப்பது நம்மூர்ச் சேலைகள், பத்து. சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை, அவர் வீட்டம்மாவுக்கு இளம்பிள்ளைச் சேலை. இந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல மாட்டேன். மாநாட்டில் நாலு பேர் தொட்டுப் பார்த்து, விலை கேட்டு, நிஜமாகவே விவாதிப்பது அந்தச் சேலையைத்தான். ஜரிகை நிஜமா, சாயம் நிற்குமா என்றெல்லாம் கேள்விகள் பறக்கும். கட்டுரையைப் பற்றி யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை.

குத்துவிளக்கு ஏற்றும்போது அரங்கு நிறைந்திருக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பின் மூன்று பேர் மிஞ்சுவார்கள்: செஷன் தலைவர், பேசுகிறவர், அடுத்துப் பேச வேண்டியவர். மற்றவர்கள் அந்தமானின் நார்த் பேயில் கண்ணாடிப் படகில் குனிந்து பவளப்பாறை பார்த்துக்கொண்டிருப்பார்கள். பாவம், ஒரு முதலாண்டு ஆராய்ச்சி மாணவி மட்டும் ராத்திரியெல்லாம் ஸ்லைடு தயாரித்து வந்திருப்பாள். பதினைந்து நிமிடப் பேச்சை ஐந்தில் முடிக்கச் சொல்லிவிடுவார்கள். சர்டிபிகேட் வழங்கும் நேரத்தில் அரங்கு மறுபடி நிறைந்துவிடும், வெயிலில் கறுத்த முகங்களோடு.

அடுத்த மாநாடு பாலியில், அங்கே 7. பதிவுக் கட்டணம் முடிவாகிவிட்டது, தலைப்பு இன்னும் இல்லை. கட்டுரை வைத்திருப்பவர்கள் அனுப்பலாம். இல்லாதவர்கள் கட்டணத்தை மட்டும் அனுப்பினால் போதும்.