சஞ்சு சாம்சன்: ஒருநாள் நூறு, மறுநாள் சைபர்?

கேள்வி: எங்கள் ஊர் சஞ்சு ஒருநாள் நூறு அடிக்கிறார், மறுநாள் சைபர். இவரை எப்படிப் பெரிய ஆட்டக்காரர் என்பது? (வாசகர், திருவனந்தபுரம்)

பதில்: சைபரை மட்டும் எண்ணினால் சஞ்சு தோற்பார், கிடைத்த வாய்ப்புகளையும் சேர்த்து எண்ணுங்கள். விழிஞ்ஞம் பக்கத்துப் புல்லுவிளைக்காரர், டெல்லி போலீஸ் கால்பந்து வீரரின் மகன். 2015 ஜூலையில் ஹராரேயில் முதல் சர்வதேச டி20 ஆடினார். அடுத்த ஆட்டம் 2020 ஜனவரியில், புனேயில்! நாலரை ஆண்டு காத்திருந்தவர் முதல் பந்திலேயே சிக்ஸர் அடித்தார், அடுத்த பந்தில் அவுட். உடனே 'நிலையில்லாதவர்' என்று முத்திரை குத்திவிட்டோம். ஆட விட்டால்தானே நிலைப்பது? 2024 டி20 உலகக் கோப்பை அணியில் இருந்தும் ஓர் ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை. அதே ஆண்டு அக்டோபர் முதல் தொடக்க ஆட்டக்காரராகத் தொடர்ந்து இறக்கினார்கள்: ஹைதராபாத்தில் 47 பந்தில் 111, அடுத்து டர்பனில் 107, ஜோஹன்னஸ்பர்க்கில் ஆட்டமிழக்காமல் 109.

டர்பனுக்கும் ஜோஹன்னஸ்பர்க்குக்கும் நடுவே இரண்டு சைபர் உண்டே என்பீர்கள். உண்டு. 2025 தொடக்கத்தில் இங்கிலாந்துக்கு எதிராக ஐந்து ஆட்டத்தில் 51 ரன்தான். ஷார்ட் பந்துக்கு மீண்டும் மீண்டும் விழுந்தார். அந்தக் குறையை நான் மறைக்கவில்லை. ஆனால் டி20யில் முதல் ஓவரிலேயே அடிக்கச் சொல்லி அனுப்பப்படுகிறவரிடம் டெஸ்ட் ஆட்டக்காரரின் சராசரியைக் கேட்பது அநியாயம். சைபர் அந்த வேலையின் கூலி. தொழில் தெரிந்தவர்கள் அதை மதிக்கிறார்கள்: 2025 நவம்பரில் சென்னை சூப்பர் கிங்ஸ் இவருக்காக ஜடேஜாவையும் சாம் கரனையும் சேர்த்தே ராஜஸ்தானுக்குக் கொடுத்தது.