துச்சாதனனுக்கு என்ன சான்றிதழ்?

பெறுநர்: மத்தியத் திரைப்படச் சான்றிதழ் வாரியம், சென்னை மண்டல அலுவலகம்.



புதுச்சேரி, திருபுவனையிலிருந்து கூத்துப் பைத்தியம் ஒருவன் எழுதிக்கொள்வது. எங்கள் வட்டாரத்துப் பாரதக் கூத்து இத்தனை காலம் தங்கள் கத்தரிக்குத் தப்பிவிட்டது. அந்தக் குறையை உடனே போக்க வேண்டுகிறேன்.

திரௌபதியம்மன் திருவிழா வந்தால் விடிய விடியக் கூத்து. துச்சாதனன் துகிலுரிப்பதைக் கைப்பிள்ளைகூடப் பார்க்கிறது. படுகளத்தன்று துரியோதனன் தொடையைப் பிளந்து, அந்த ரத்தத்தைத் தடவித்தான் பாஞ்சாலி கூந்தல் முடிகிறாள். 'வன்முறையைப் பாதியாகக் குறைக்கவும்' என்று இதுவரை ஒரு தாள் வரவில்லை. திரைப்படச் சட்டத்தின் 2023 திருத்தத்தின்படி இதற்கு யுஏ 7-ஆ, 13-ஆ, 16-ஆ? மடியில் தூங்கும் பிள்ளையை எந்த வயதில் எழுப்பிக் காட்டலாம்?

மற்றக் கலைகளைவிடச் சினிமா மனத்தை அதிகம் கிளறும் என்று 1970-இல் கே.ஏ. அப்பாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் முன்தணிக்கையை ஏற்றுக்கொண்டது. நீதிபதிகள் யாரும் படுகளம் பார்த்ததில்லை போலும். பத்திரிகை முன்தணிக்கையிலிருந்து 1950-லேயே தப்பித்துக்கொண்டது. தூக்குக் கைதி ஆட்டோ சங்கர் கதையை நக்கீரன் இதழ் வெளியிடுமுன் அதிகாரிகள் தடுக்க முடியாதென்று 1994-இல் தீர்ப்பானது. பக்கத்துத் தமிழ்நாட்டில் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் பிரிவுகளே, நாடகக்காரர் ஞாநி போட்ட வழக்கில், 2013-இல் விழுந்தன. அச்சில் படிக்கும்போதும் மேடையில் பார்க்கும்போதும் நாங்கள் பெரியவர்கள்; திரைக்கு முன் உட்கார்ந்ததும் பால்குடி மறவாதவர்கள்!

சரி, சான்றிதழ் தந்தபின் தாங்களாவது காப்பாற்றுகிறீர்களா? 'ஒரே ஒரு கிராமத்திலே' படத்தின் 'யு'வை உயர் நீதிமன்றம் பறித்தது. 1989-இல் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பித் தந்து, கலவர மிரட்டலுக்காகக் கருத்தை அடக்கக்கூடாது என்றது. அப்படியும் 2013-இல் 'விஸ்வரூபம்' தங்கள் முத்திரையோடு வந்து, ஆட்சியர்களின் 144 தடை உத்தரவில் நின்றது. டிக்கெட் எடுக்குமுன் நான் யாரைக் கேட்பது, தங்களையா, ஆட்சியரையா?

தங்களுக்கு மேலிருந்த தீர்ப்பாயத்தையும் 2021-இல் மூடிவிட்டார்கள். இனி தயாரிப்பாளர் நேரே உயர் நீதிமன்றம் போகவேண்டும். தேதி தள்ளினால் வட்டி ஏறும். வட்டிக்குப் பயந்தே பலர் வாய் திறக்காமல் வெட்டுக்குத் தலையாட்டுகிறார்கள். கத்தரியைவிடக் காலண்டர் தங்களுக்கு நன்றாக வேலை செய்கிறது.

ஆகவே ஒருமுறை நேரில் வாருங்கள். கூத்து இரவு பத்துக்குமேல்தான் களைகட்டும், போர்வை கொண்டுவரவும். வெட்டவேண்டிய இடங்களை அங்கேயே எழுந்து சொல்லலாம். பதில் சொல்லக் கூத்தின் கோமாளி கட்டியங்காரன் இருக்கிறான், அவன் வசனத்தை யாரிடமும் முன்கூட்டிக் காட்டுவதில்லை.

இப்படிக்கு,
வயதுச் சான்று கையிலுள்ள ரசிகன்