போர்டோ கலவை

குடி விஷயத்தில் பள்ளிப்பட்டுக்காரனுக்குப் பூகோளம் தெரிந்த அளவுக்கு ருசி தெரியாது. பழி அவன்மேல் இல்லை, எல்லைமேல். ராஜாஜி 1937-ல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கி, மறு வருஷமே அதைச் சித்தூர் மாவட்டத்துக்கும் நீட்டினார். அன்றைக்கு நாங்கள் சித்தூர் மாவட்டம். சென்னைப் பட்டணத்தில் கடை திறந்திருந்த காலத்திலேயே எங்கள் தாத்தாக்களுக்குச் சட்டப்படி தொண்டை வறண்டுவிட்டது. 1960 ஏப்ரல் முதல் தேதி, எல்லைப் போராட்டம் நடத்திய ம.பொ.சி. புண்ணியத்தில், திருத்தணியோடு சேர்ந்து ஆந்திராவிலிருந்து இந்தத் தமிழ்ப் பக்கம் வந்தோம். மாநிலம் மாறியது, வறட்சி மாறவில்லை. 1971-ல் கதவைத் திறந்தார்கள், அப்புறம் மூடினார்கள், மறுபடி திறந்தார்கள். 1987-லிருந்து கள் இங்கே கூடாது, ஆந்திராவில் கூடும். 1995-ல் என்.டி.ராமராவ் அங்கே மொத்தமாக மூடியபோது, நகரி, கார்வேட்டிநகரம் பக்கத்து ஆட்களுக்கு எங்கள் ஊர்மேல் திடீரென்று பாசம் பொங்கியது. 1997-ல் சந்திரபாபு நாயுடு திறந்துவிட்டதும் பாசம் வற்றிவிட்டது.

ஆக, எந்தப் பக்கம் கிடைக்கும் என்று கண்டுபிடிப்பதிலேயே பாதி ஆயுள் போய்விடும். கிடைத்தபின் மிச்சம் இருப்பது அவசரம்தான். குழந்தைக்கு விளக்கெண்ணெய் புகட்டுவதுபோலத் தனக்குத் தானே புகட்டிக்கொண்டு, கண்ணை மூடி ஒரே மடக்கு. நாக்குக்குச் சேதி போவதற்குள் ஊறுகாய். இப்படிப்பட்ட ஊரிலிருந்து ஒருவரைக் கூட்டிப்போய், நீளக்கால் கண்ணாடிக் கோப்பையில் ஒரு வாய் ஊற்றி, “இதில் என்ன மணம் வருகிறது, நிதானமாகச் சொல்லுங்கள்” என்று கேட்டால் எப்படி இருக்கும்? என் மாமா மகள் அதைத்தான் செய்தாள். அதுவும் யாரை வைத்து? சொட்டுக் குடியாத தன் அப்பாவை வைத்து.

மாமா, திருவாலங்காட்டில் இருக்கும் திருத்தணி கூட்டுறவுச் சர்க்கரை ஆலையில் கரும்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்கிறவர். வெற்றிலை ஒன்றுதான் பழக்கம். அதையும் பழக்கம் என்று ஒப்புக்கொள்ளமாட்டார், ஜீரணம் என்பார். பெங்களூருவில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் மகள் வீட்டுக்கு அவரும் நானும் போயிருந்தோம். சனிக்கிழமை ராத்திரி அவள் விஷயத்தை உடைத்தாள்.

“ஒயின் ஷாப்புக்கா? அதுக்கு இன்னாத்துக்கும்மா பெங்களூரு? நம்ம ஊர்ல இல்லாததா?”

“ஷாப் இல்லப்பா, தோட்டம். நந்தி மலை அடிவாரம். அரை நாள் டூர். கூட ஒருத்தர் வந்து எல்லாம் விளக்கிச் சொல்லுவாரு.”

“நான் வரல. மாப்பிள்ளையைக் கூட்டிட்டுப் போ.”

“உனக்கும் சேர்த்துப் பணம் கட்டிட்டேன். திருப்பித் தரமாட்டாங்களாம்.”

மாமா எழுந்து உள்ளே போய் மறுநாளைக்கு வேட்டி எடுத்து வைத்தார். கட்டின பணம் வீணாவதற்கு மேல் ஒரு பாவம் அவருக்குத் தெரிந்த எந்தப் புராணத்திலும் இல்லை.

தொட்டபள்ளாபுரத்தில் வேன் நுழைந்ததுமே மாமா கண்ணாடியை இறக்கச் சொன்னார். தெருவெல்லாம் விசைத்தறிச் சத்தம். பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பத்தில் பிறந்த பிள்ளைகளுக்குத் தாலாட்டே அதுதான். “சுத்திச் சுத்தி நம்ம ஊருக்கே வந்துட்டமா?” என்றார். வேனில் இருந்த மற்றவர்கள் எல்லாம் இருபதுகளில் இருக்கும் ஐ.டி. பிள்ளைகள். வேட்டி ஒன்றே ஒன்று. அவர்கள் மாமாவைப் பார்த்த பார்வையில், இவர் தோட்டத்துக்காரரா அல்லது தோட்டத்தை மூட வந்தவரா என்ற குழப்பம் தெரிந்தது.

இந்த அடிவாரத்துக்குத் திராட்சை புதிதல்ல. பெங்களூரு நீலம் என்ற கருநீலத் திராட்சைக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. ஆனால் அது தின்னவும் பழச்சாறு பிழியவும்தான் லாயக்கு, நல்ல ஒயினுக்கு ஆகாது என்கிறார்கள். 1988-ல் கன்வல் குரோவர் என்பவர் பிரான்சிலிருந்து ஜார்ஜ் வெசெல் என்ற நிபுணரின் துணையோடு பிரெஞ்சு ரகங்களை இங்கே நட்டார். 1992-ல் முதல் ஒயின் வந்தது. பின்னால் மிஷேல் ரோலான் என்ற உலகப் புள்ளியும் ஆலோசனை சொல்ல வந்தார். குரோவர் போட்ட பாதையில் இன்னும் சிலரும் வந்தார்கள். எங்கள் வேன் நின்றது எந்தத் தோட்டத்தில் என்று மட்டும் கேட்காதீர்கள். ஊரில் தெரிந்தால் மாமா காவடியைக் கீழே வைக்க வேண்டியிருக்கும்.

வழிகாட்டி ஒரு சின்னப் பையன், கோலார்ப் பக்கம். இங்கிலீஷில் ஆரம்பித்தான். இந்தியாவுக்கு ஒயின் புதிது, இப்போதுதான் மக்கள் பழகி வருகிறார்கள் என்றான். எனக்குச் சுருக்கென்றது. யவனர் கொண்டுவந்த குளிர்ந்த தேறலைப் புறநானூற்றின் 56-ஆம் பாட்டிலேயே பாண்டியன் குடித்துக்கொண்டிருக்கிறான். 1945-ல் வீலர் அரிக்கமேட்டைத் தோண்டியபோது மத்தியதரைக் கடல் ஜாடிகளின் சில்லுகள் கிடைத்தன. அன்றைக்கு யவனன் கப்பலேறி வந்து நமக்கு ஊற்றினான். இன்றைக்கு நாம் டிக்கெட் வாங்கி, வேனேறி வந்து ‘புதியவர்’ ஆகியிருக்கிறோம். சொல்ல வாயெடுத்தேன். மாமா முந்திக்கொண்டார்.

“ஏன் தம்பி, எத்தனை பிரிக்ஸ்ல வெட்டு ஆர்டர் போடுவீங்க?”

பையன் நின்றுவிட்டான். பிரிக்ஸ் என்பது சாற்றில் எவ்வளவு சர்க்கரை என்று சொல்லும் கணக்கு. நூறு கிராம் சாற்றில் இருபது கிராம் சர்க்கரை இருந்தால் இருபது. ஆலைக்காரர்கள் கரும்பின் நடுவில் குத்தி, ஒரு சொட்டுச் சாற்றைக் கை மீட்டரின் கண்ணாடியில் விட்டு, வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணருகே தூக்குவார்கள். மாமா அந்த மீட்டர் வழியாகத்தான் உலகத்தைப் பார்த்தார். சம்பந்தம் பேச வந்தவர்களைக்கூட ஒற்றைக் கண்ணால்தான் பார்ப்பார்.

“ரகத்தைப் பொறுத்து இருபத்து மூணு, இருபத்து நாலு சார்” என்றான் பையன், தெலுங்கில். மாமாவின் வாயில் எங்கள் எல்லைத் தமிழைக் கேட்டதும் அவனுக்கு வீட்டு பாஷை வந்துவிட்டது.

“இருபத்து நாலா! கரும்புல இருபது வந்தா அந்தக் குடியானவனுக்கு மாலை போடுவோம்” என்று மாமாவும் தெலுங்குக்கு மாறினார். அப்புறம் விரல்விட்டு எண்ணி, “அப்போ சாராயம் பதிமூணு சதவீதம் நிக்குமே?” என்றார். நின்றதுதான். சர்க்கரையில் பாதிக்குச் சற்று மேல் போதையாக மாறும். சாராயம் காய்ச்ச உதவும் ஆலைக் கழிவுப்பாகான மொலாசஸின் பக்கத்தில் வாழ்ந்தவருக்கு இது வாய்ப்பாடு.

அத்தோடு டூர் கைமாறியது. பையன் மாமாவிடம் விளக்க, மாமா அவனிடம் விசாரிக்க, இங்கிலீஷ் பிள்ளைகள் தெலுங்கு தெரியாமல் பின்னால் நடந்தார்கள். என் பங்குக்கு நான் மொழிபெயர்த்தேன். ஐரோப்பாவில் பனிக்காலத்தில் கொடி தூங்கும். நம் ஊரில் அதற்குத் தூக்கம் வராது, சும்மா காய்த்துக்கொண்டே இருக்கப் பார்க்கும். அதனால் வருஷத்துக்கு இரண்டு தரம் கவாத்து வெட்டி, ஒரு தரம்தான் காய்ப்புக்கு விடுகிறார்கள். செப்டம்பர் வாக்கில் வெட்டினால் பிப்ரவரி, மார்ச்சில் அறுவடை. மலையடிவாரத்தில் பகலில் காய்ந்தாலும் ராத்திரி குளிர்ந்துவிடும், அதனால் பழத்தில் புளிப்புத் தங்கும். பள்ளிப்பட்டில் ராத்திரியும் காயும். “அப்போ நம்ம ஊர்ல நட்டா?” என்று மாமா கேட்டார். “பாயசம்தான் சார்” என்றான் பையன்.

கொடிகளின் நடுவே ஒரு இடத்தில் நின்று, ஒயின் உலகத்தின் தலைநகரமே பிரான்சிலுள்ள போர்டோ என்று அவன் பக்தியோடு ஆரம்பித்தான்.

“மயில்துத்தம் ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணி நூறு லிட்டர்” என்றார் மாமா.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். போர்டோ கலவை. இலைநோய்க்கு அடிக்கும் மருந்து. நம் ஊர்க் குடியானவனுக்கு ஒன்றரை நூற்றாண்டு பிரெஞ்சு ஞானம் தெளிப்பான் வழியாகத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. அதன் கதையைப் பையன் சொன்னான். போர்டோ பக்கத்தில் பாதையோரக் கொடிகளில் போகிறவர் வருகிறவர் பழம் பறித்துவிடுகிறார்கள் என்று, பார்க்க விஷம்போல இருக்கட்டுமென ஒரு நீலப்பச்சைக் குழம்பைப் பூசி வைத்தார்களாம். 1880-களில் மில்லார்டே என்ற பேராசிரியர் அந்த வழியே போனபோது, பூசிய கொடிகளில் மட்டும் அடிச்சாம்பல் நோய் இல்லை என்பதைக் கவனித்தார். திருடனுக்கு வைத்தது பூசணத்தைக் கொன்றது. மாமாவுக்கு அந்த நாளிலேயே பிடித்த இடம் இதுதான். மாந்தோப்புக்கு எப்படி அடிப்பது என்று பத்து நிமிஷம் வகுப்பு எடுத்தார். ஒரு பெண் குறிப்பெடுத்துக்கொண்டாள். அவள் வீட்டில் மாந்தோப்பு இருப்பதாகத் தெரியவில்லை.

எஃகுத் தொட்டிகள் இருந்த கூடத்தைச் சீக்கிரம் கடந்தோம். அங்கே மாமா சொன்ன ஒரே சேதி மற்றவர்களைச் சற்று வாட்டியது. ஒரு டன் கரும்பைப் பிழிந்தால் நாற்பது கிலோ மொலாசஸ் மிஞ்சும். இந்தியாவில் பிராந்தி, விஸ்கி, ரம் என்று பல பெயரில் விற்பதில் பலவற்றுக்கு அடி அதிலிருந்து வடிக்கும் சாராயம்தான், மேலே நிறமும் மணமும். “திராட்சையைப் பார்க்காத பிராந்தியைக் குடிச்சிட்டு ஜாதி பிராண்டுன்னு சண்டை போடுவானுங்க.” பிள்ளைகளில் ஒருவன் மெதுவாக, தான் பீர்தான் குடிப்பதாகச் சொன்னான்.

கடைசியில் ருசி பார்க்கும் அறை. நீண்ட மேசை, ஆளுக்கு வரிசையாகக் கோப்பைகள், கொஞ்சம் சீஸ், பிஸ்கட். நடுவில் ஒரு பீங்கான் சாடி. அது எதற்கு என்று மாமா கேட்டார். ருசி பார்த்துவிட்டு விழுங்க வேண்டாமென்றால் அதில் துப்பிவிடலாம் என்றான் பையன். போட்டிகளுக்கு நடுவராக வருகிறவர்கள் ஒரே நாளில் பல டஜன் ஒயின் பார்க்க வேண்டும், விழுங்கினால் மதியத்துக்குமேல் தீர்ப்பு தாங்காது.

மாமாவின் முகம் மலர்ந்தது. வெற்றிலை எச்சில் துப்பும் எங்கள் வீட்டுப் பணிக்கத்தோடு வளர்ந்தவர் அவர். வாயில் போட்டு, மென்று, சாறு இறங்குவதைக் கவனித்து, நேரம் பார்த்துத் துப்புவதில் அவருக்கு இருக்கும் தேர்ச்சி பிரான்சில் எத்தனை பேருக்கு இருக்கும் என்று தெரியவில்லை. அதோடு விரதமும் கெடாது. “விழுங்கினாத்தானே குடி?” என்று மகளைப் பார்த்துக் கேட்டார். இதற்கு ஆகமத்தில் விடை இருக்கிறதா என்று நான் யோசிப்பதற்குள் முதல் கோப்பையைச் சுழற்றிவிட்டார்.

முதலில் சோவின்யோன் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின். பச்சைக் குடைமிளகாய், வெட்டிய புல் வாசம் வரும் என்றான் பையன். மாமா மூக்கை வைத்தார். “கரும்புத் தோகை. விடியக்காலத்துல ஈரத்தோட அறுத்தா வரும்.” பையன் தானும் மோந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்து, ஷிராஸ் என்ற சிவப்பு ஒயினில் மிளகு இருப்பதாகச் சொன்னான். மாமா மிளகை ஒப்புக்கொண்டார். ஆனால் துவர்ப்பு களிப்பாக்கின் துவர்ப்பு என்றும், கொட்டைப்பாக்கு இல்லை என்றும் பிரித்துச் சொன்னார். திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து வரும் அதே சத்துதான் பாக்கிலும் இருக்கிறது என்பதால் அவரை மறுக்க முடியவில்லை. பீப்பாயில் ஊறிய காபர்நே என்ற இன்னொரு சிவப்பில் ‘கருகின பாகு’ என்றார். பீப்பாய் செய்யும்போது உள்பக்கத்தைத் தீயில் வாட்டுவார்களாம், அந்த மணம்தான் அது. பையன் மாமாவுக்கு நாற்காலி இழுத்துப் போட்டான்.

மேசையின் மறுபக்கம் நிலவரம் வேறு. சாடியை அவர்கள் யாரும் தொடவில்லை. பணம் கொடுத்து வாங்கியதைத் துப்புவதா? முதல் கோப்பையில் எலுமிச்சை, பூ, தேன் என்று தேடியவர்கள் மூன்றாவதில் ‘செமையா இருக்கு’ என்றார்கள். ஐந்தாவதில் எல்லாமே ஸ்ட்ராபெரி. நான் எந்தப் பக்கம் இருந்தேன் என்பதை இங்கே விவரிக்க இடமில்லை.

பாட்டில் வாங்கும் பேச்சு வந்தபோது மாமா கண்டிப்பாக மறுத்துவிட்டார். கர்நாடகத்தில் வாங்கி, சித்தூர் வழியாக ஆந்திராவைக் கடந்து, தமிழ்நாட்டுக்குள் நுழைவதற்குள் மூன்று சர்க்காருக்குப் பதில் சொல்ல வேண்டும். திராட்சைச் சாறு இருந்தால் கொடுங்கள் என்றார். அது இல்லை. கவாத்து வெட்டிய குச்சி ஒன்று கேட்டார். அதுவும் கூடாதாம்.

புறப்படும்போது எல்லோரிடமும் ஒரு கருத்துத் தாளை நீட்டினார்கள். பிள்ளைகள் ஐந்து நட்சத்திரத்தைக் கிறுக்கிவிட்டு வேனில் போய்ச் சாய்ந்தார்கள். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஆலையில் வயல் அறிக்கை எழுதும் அதே கையெழுத்தில், தமிழில் எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன்:

வெட்டு: சரியான பருவம். புளிப்பு: வெள்ளையில் நன்று. துவர்ப்பு: இரண்டாம் சிவப்பில் நிற்கிறது, முதலாவதில் ஓடிவிடுகிறது. பீப்பாய்: ஒரு சுற்று அதிகமாக வாட்டப்பட்டுள்ளது. மேற்பார்வையாளர்: நல்ல பையன், தெலுங்கு தெரியும். குறை: பணிக்கம் வைக்கிறீர்கள், வெற்றிலை வைப்பதில்லை. உடனடி நடவடிக்கை தேவை.