எண் பொருத்தம் பார்க்கும் கனவான்

அமெரிக்க தேசத்தில் கோடை காலத்து விடுமுறை நாட்களில் பழைய மோட்டார் வண்டிகளைப் புல்வெளியில் வரிசையாக நிறுத்திக் காட்சி நடத்தும் வழக்கம் உண்டு. அங்கே மற்றவர்களெல்லாம் வண்டியின் வர்ணத்தையும் வடிவத்தையும் கண்டு மகிழ்ந்துகொண்டிருக்க, ஒருவர் மட்டும் ஒரு கையில் டார்ச் விளக்கும் மறு கையில் பல் வைத்தியர் உபயோகிக்கும் சிறு கண்ணாடியுமாக என்ஜினுக்குள் தலையை நுழைத்துக்கொண்டு, இடுப்புக்குக் கீழ்ப்பட்ட பாகத்தை மாத்திரம் பொதுஜன தரிசனத்துக்கு விட்டு வைத்திருப்பாரானால், அவரே நம் கனவான் என்று நிச்சயம் செய்துகொள்ளலாம்.

1964-ல் பான்டியாக் ஜி.டி.ஓ. வந்தது முதல் சுமார் பத்து வருஷ காலம், டெட்ராய்ட் கம்பெனிகள் நடுத்தர வண்டியில் ராட்சத என்ஜினைப் பொருத்தி, வாலிபர்களுக்கு மலிவாக விற்றுவந்தன. ‘மஸில் கார்’ எனப்பட்ட அவ்வண்டியில் பிறந்த அன்றிருந்த என்ஜினே இன்றும் இருக்கிறதா என்பதுதான் இவருடைய ஜீவிய விசாரம். 1969-ம் வருஷத்துக் கமாரோ என்றால், முன்கண்ணாடி வழியே தெரியும் தகட்டின் தொடர் எண்ணும் என்ஜினில் அடித்த எண்ணும் ஒத்திருக்க வேண்டும். என்ஜின் வார்த்த தேதி அதைப் பூட்டிய தேதிக்கும், பூட்டிய தேதி வண்டி கட்டிய தேதிக்கும் முந்தியிருக்க வேண்டும். ‘இசட்-28’ ரகமென்று சொல்லிக்கொண்டால் 302 கன அங்குல என்ஜினில் ‘டி.இசட்.’ என்ற எழுத்துக்களும் இருந்தாக வேண்டும். ஜாதகம் பார்க்கும் நம்மவர்கள் பத்துப் பொருத்தத்தில் ஏழு தேறினாலே முகூர்த்தத்துக்கு நாள் வைத்துவிடுவார்கள். இவருக்கு அத்தகைய தாராள சிந்தை கிடையாது.

சந்தேகப்படுவதற்கு நியாயமும் இருக்கிறது. 1971-ம் வருஷத்துப் பிளிமத் ஹெமி குடா ஒன்று 2014-ல் சியாட்டில் ஏலத்தில் 35 லட்சம் டாலருக்குப் போயிற்று என்றால், எண்ணைச் சுரண்டி வேறு எண் அடிக்கும் சாமர்த்தியசாலிகள் உண்டாகாமல் இருப்பார்களா? ஆனால் எண்ணடிக்கும் மேடையில், தொழிற்சாலை யந்திரம் சீவியபோது விழுந்த மெல்லிய கோடுகள் இருக்கும். மோசடிக்காரர் சுரண்டினால் அவையும் போய்விடும். ஆகவே நம் கனவான் எண்ணைக் காட்டிலும் கோடுகளிலேயே கண்ணாயிருப்பார். கிரைஸ்லர் வண்டியானால் பின் ஆசனத்தைப் பெயர்த்து, ஸ்பிரிங்குகளுக்கிடையில் எலி மிச்சம் வைத்த தயாரிப்புச் சீட்டு அகப்படுமா என்று துழாவுவார். அகப்பட்டால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு வேண்டாம்.

புதுப்பிக்கும் வேலையில் இறங்கிவிட்டாலோ அவருடைய சிரத்தைக்கு எல்லையே இல்லை. தொழிலாளி அவசரத்தில் சாக்குக் கட்டியால் கிறுக்கிய குறி, வர்ணம் வழிந்த தாரை, கறுப்புப் பூச்சு கண்டபடி தெறித்த திவலை ஆகிய சகல அலட்சியங்களையும், அன்றைய தொழிலாளி காட்டாத அக்கறையுடன், மாதக்கணக்கில் உட்கார்ந்து மறுபடி உண்டாக்குவார். 1974-ல் தோன்றிய கார்வெட் புதுப்பிப்போர் சங்கத்தின் பரீட்சையில், வண்டி தொழிற்சாலை அனுப்பியதைவிட நேர்த்தியாயிருந்தால் அதற்கும் மதிப்பெண் குறையும் என்பதால், இது வெறும் கிறுக்கென்று தள்ளிவிடுவதற்கில்லை. அசலின்மீது இத்தனை பக்தி கொண்ட இவர், ஐம்பது வருஷத்துக்கு முந்திய தேதியை அச்சிட்டுப் புதிதாகச் செய்து விற்கும் ஸ்பார்க் பிளக் ஒயர்களை மட்டும் யாதொரு மனச்சாட்சி உறுத்தலுமின்றி வாங்கி மாட்டுவார்!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இவ்வண்டிகள் உட்வர்டு அவென்யூ போன்ற வீதிகளில், பச்சை விளக்கு எரிந்ததும் பக்கத்து வண்டியை முந்துவதற்கென்றே வாங்கப்பட்டவை. உண்மையான வீரன் கையில் சிக்கிய என்ஜின் பல சமயம் உத்தரவாத காலத்திலேயே வெடித்துவிட, ‘சி.இ.’ முத்திரை பெற்ற மாற்று என்ஜினை செவ்ரலே கம்பெனியே கொடுத்தது. அந்த முத்திரையைக் கண்டால் நம் கனவான் முகம் சுளிப்பார். அசல் என்ஜின் உயிரோடிருக்கிறதென்றால், முதல் சொந்தக்காரர் பெரும்பாலும் மெதுவாகச் சந்தைக்குப் போய் வந்த சாது என்றே கொள்ள வேண்டும். அந்தச் சாதுவின் வண்டிக்குத்தான் இன்று வீரனின் விலை.

“எவ்வளவு வேகம் போகும்?” என்று காட்சிக்கு வந்த பையன் ஒருவன் கேட்டால், தாம் அதை மூடிய டிரெய்லரில் ஏற்றி வந்ததாகப் பெருமையுடன் பதில் சொல்வார்.

இவரிடம் வண்டி வாங்க விரும்பும் அன்பர்கள் தைரியமாக வாங்கலாம். எண்ணில் எள்ளளவும் பொய் இராது. பிரேக் பிடிக்கிறதா என்பதை மட்டும் தாங்களே பார்த்துக்கொள்வது நலம்.